ஏழு கட்டங்கள்

1

போன செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர் மருத்துவமனையின் மூட்டுநோய்ப் பிரிவில் இருக்கும் தாதி என்னிடம் ஓர் உதவி கேட்டார். எங்கள் ஊர் என்று நான் சொல்வது டென்மார்க்கில் கடலோரமாக இருக்கும் ஒரு நடுத்தர நகரத்தை. பதினோரு வருடத்தில் வாய் அப்படிச் சொல்லப் பழகிவிட்டது. அடுத்த மாதம் புதிய நோயாளிகளுக்காக ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். வீட்டிலிருந்தபடியே தன் நோயைத் தானே கவனித்துக் குறித்துவைப்பது எப்படி என்று, அனுபவப்பட்ட ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"ஒரு வாரம்கூட நீங்கள் படிவத்தைத் தவறவிட்டதில்லை" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் டேனிஷ் மொழியில் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. சொல்ல வேண்டியது எதுவும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்காது. அதனால் முதலில் தமிழில், ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு முடக்குவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. காற்றாலை நிறுவனம் ஒன்றில் என் கணவருக்கு வேலை கிடைத்துத்தான் இங்கே வந்தோம். நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். நாற்பது குழந்தைகளுக்குக் கேரட் சீவி, ரொட்டி அறுத்து, கஞ்சி காய்ச்ச வேண்டும். ஒரு குளிர்காலத்தில் கேரட் சீவும் கத்தி கையில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. குளிர் என்று நினைத்தேன். கோடை வந்த பிறகும் விரல் கணுக்கள் புடைத்தபடியே இருந்தன.

இங்கே மாதாமாதம் டாக்டரைப் பார்க்க முடியாது. அதற்குப் பதில் வாரம் ஒரு முறை கைபேசியில் ஒரு படிவம் வரும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் எத்தனை நிமிடம் விறைத்திருந்தன, படத்தில் இருக்கும் கைகளில் எந்தெந்த மூட்டு வீங்கியிருக்கிறது, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, அசதி எத்தனை. எண்கள் ஏறினால் தாதி கூப்பிடுவார். ஏறாவிட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள். எண் ஒழுங்காக இருக்கும் நோயாளிக்கு டாக்டரைப் பார்க்கும் தேதியே தேவையில்லை என்று ஒரு கடிதமும் வரும். எனக்கு வந்தது.

வந்த புதிதில் மொழி ஒரு பாடு படுத்தியது. விறைப்புக்கு டேனிஷில் 'ஸ்டீவ்' என்று ஒரு சொல். காப்பகத்தில் ஒருநாள் கூட வேலை செய்யும் பெண்ணிடம், தினமும் காலையில் நான் ஸ்டீவாக இருக்கிறேன், ஒரு மணி நேரம் கழித்துத்தான் சரியாகிறது என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று மிகவும் கனிவாக விசாரித்தார். குடித்திருப்பதற்கும் இவர்களுக்கு அதே சொல்தானாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு காலை விறைப்பைப் பற்றி யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

படிவத்தில் நான் போட்ட எண்கள் உண்மையில்லை. ஆறு இருந்தால் இரண்டு என்று போட்டேன். நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வேலை பார்த்த காலத்தைக் காட்ட வேண்டும், நீண்ட நோய் விடுப்பு எடுத்தால் சிக்கல் என்று யாரோ சொன்னார்கள். உண்மைதானா என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்கப் பயம். வலி எத்தனை என்று கேட்டால், வேலை போகாத அளவுக்கு ஓர் எண்ணைச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

2

என் அக்கா வசந்தாமணிக்கும் இதே நோய்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவள். பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, ஒரு ஏக்கருக்கும் குறைவாகக் கொடிக்கால் இருக்கிறது. வெற்றிலையைப் பெருவிரல் நகத்தால் காம்போடு கிள்ள வேண்டும், நூறு நூறாக எண்ணிக் கவுளி கவுளியாக அடுக்க வேண்டும், வாழை நாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்றுமே விரல் வேலை. அவளுக்கு விரல்கள் வீங்கி மூன்று வருடம், கண்ட எண்ணெயெல்லாம் தேய்த்துப் பார்த்தபின்தான் சேலத்தில் ஒரு மூட்டுநோய் டாக்டரிடம் போனாள். என் நோயின் பெயரைக் கேட்டபிறகுதான் அவளுக்கே சந்தேகம் வந்தது.

அந்த டாக்டர் சரியாகத்தான் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒன்று, அதற்குமேல் தொடக்கூடாது என்று மாமாவையும் உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினார். அக்கா ஒரு வருடம் அப்படியே போட்டுவந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேலூரிலிருந்து நாமக்கல், நாமக்கல்லிலிருந்து சேலம் என்று இரண்டு பஸ் மாறிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள். இடையில் எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டால், "இருக்குதுங்க, பரவாயில்லீங்க" என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது.

என்னிடம் படிவம் இருக்கிறதே, அவளுக்கும் ஒன்று செய்துகொடுத்தால் என்ன என்று தோன்றியது. என் மகள் மித்ராவுக்கு அப்போது பதினைந்து வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். அவளுடைய தமிழ் அந்த ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. பேசுவாள், படிக்கத் தெரியாது. கணினியில் அழகாக ஓர் அட்டவணை போட்டுத் தரச் சொன்னேன். மேலே ஏழு கிழமை. பக்கவாட்டில் காலை விறைப்பு, வீங்கிய மூட்டு, வலி எண், கடைசியாக மாத்திரை. எழுத்துகளை நான் அடித்துக் கொடுத்தேன், அவள் இடம் பார்த்து ஒட்டினாள். பச்சை நிறத்தில் கோடுகள். ஒவ்வொரு வரிசையிலும் ஏழு கட்டங்கள். மாத்திரை வரிசையிலும் ஏழு.

நான் ஒரு தடவை பார்த்தேன். அழகாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மாமா அதை வேலூர்க் கடையில் வாரத்துக்கு ஒன்றாக நாலைந்து அச்செடுத்து, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். டென்மார்க் ஆஸ்பத்திரித் தாள் என்று வந்தவர்களிடம் காட்டினாராம்.

வலி எண்தான் அக்காவுக்குப் பிடிபடவில்லை. பத்துக்கு எத்தனை என்றால் யார் வைத்த பத்து என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காம்பு கிள்ள முடிந்தால் மூன்று. நார் கட்ட முடியாவிட்டால் ஐந்து. சோற்றுப் பானையை இறக்க மாமாவைக் கூப்பிட்டால் ஏழு. என் மருத்துவமனையின் படிவத்தைவிட அது தெளிவாக இருந்தது. ஞாயிறுதோறும் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவதாகச் சொன்னாள்.

3

தாள் போய்ச் சேர்ந்த அன்று அக்கா எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினாள். நான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மழை. வேலைக்கு நேரமாகியிருந்தது. செய்தி ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. கொடிக்காலில் தண்ணீர் விட்டதிலிருந்து ஆரம்பித்தாள். பஸ் வந்துவிட்டது. முழுதாகக் கேட்காமலே, கட்டங்களைப் பற்றிக் கேட்கிறாள் என்ற அளவில் புரிந்துகொண்டு பதில் சொன்னேன்.

"ஆமாக்கா, எல்லா நாளும் போடணும். ஒரு கட்டத்தையும் விட்டுராத."

மூன்றாம் நாளிலிருந்து அவளுடைய வலி எண் இறங்கியது. ஐந்து, நான்கு, மூன்று. ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் வலி வரிசையை மட்டும் பார்த்து எனக்கு உண்மையாகவே சந்தோஷம். மித்ராவைக் கூப்பிட்டு, பெரியம்மாவுக்கு உன் தாள் ராசி என்றேன். அடுத்த வாரம் புதன்கிழமை அக்கா பேசும்போது வாயெல்லாம் புண்ணாக இருக்கிறது, உப்புக்கூடப் படவில்லை என்றாள். சூடாக இருக்கும், மோர் குடி என்றேன். வீங்கிய மூட்டு எத்தனை என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். அதைத்தான் நான் காதில் வாங்கினேன். வாய்ப்புண்ணுக்கு எங்கள் தாளில் கட்டம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை, காப்பகத்தில் நான் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். ஒருநாளும் வேலை நேரத்தில் கூப்பிடாத மனிதர்.

"அம்மணி, உங்கக்காளுக்குக் காய்ச்சலு நெருப்பாட்டக் கொதிக்குது. தொண்டையில தண்ணி எறங்க மாட்டீங்குது. கையில காலுல செவப்பு செவப்பாப் புள்ளி. சேலத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அடுப்பை அணைத்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு குழந்தைகள் கோட்டு மாட்டும் கூடத்துக்குப் போய் நின்று, அந்தக் குரல்செய்தியைத் தேடி எடுத்து முழுதாகக் கேட்டேன். தண்ணீர் விட்டது, பக்கத்துத் தோட்டத்தில் வாழை சாய்ந்தது, எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் அக்கா கேட்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, மாத்தரைக் கட்டம் ஏழு நாளைக்கும் இருக்குதே. இந்த டாக்டரு ஞாயித்துக்கெழமைதான் போடோணும்னாரு. அங்கத்த டாக்டருங்க தெனமும் போடச் சொல்றாங்களா? எல்லா நாளும் போடோணுமா?"

அதற்குக் கீழே என் பதில்.

4

பெங்களூர் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து வேறு செய்தி வந்துவிடுமோ என்று கைபேசியைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். சேலத்துக்குள் நுழையும்போது அக்கா சேர்க்கப்பட்டு மூன்றாம் நாள்.

தனி அறையில் வைத்திருந்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோனதால் யாரும் கிட்டே போகக்கூடாது. முகமூடி கட்டிக்கொண்டு கதவருகே நின்று பார்த்தேன். உதடு கறுத்து வெடித்திருந்தது. தலையணையில் முடி கொட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினாள், அவ்வளவுதான்.

டாக்டர் நடுவயதுக்காரர். குரலை உயர்த்தாமல் பேசினார். வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய மாத்திரையைப் பதினோரு நாள் தினமும் போட்டிருக்கிறார், மாற்று மருந்து ஊசியில் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் நான்கைந்து நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார். பதினோரு நாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து பச்சைக் கோடு போட்ட தாள்கள் இரண்டை எடுத்தார். மாமா அவற்றை ஆணியிலிருந்து கழற்றி மாத்திரைச் சீட்டோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு வாரத்து மாத்திரை வரிசையிலும் சேர்த்துப் பதினோரு டிக். ஓரத்தில் வெற்று இடத்தில், வாய் புண்ணு என்று அக்கா தேதியோடு எழுதியிருந்தாள்.

"இது இல்லைன்னா என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு நாள் போயிருக்கும். அதே சமயம், இது இல்லைன்னா இந்த நிலைமை வந்திருக்கவும் செய்யாது" என்றார். பிறகு, "யார் தயார் பண்ணினது? நோயாளி தானாத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்றாங்க" என்றார்.

நான் செய்தது என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாத்திரை என்ற வார்த்தை வருகிற எந்தத் தாளையும் டாக்டரிடம் காட்டாமல் யாருக்கும் தராதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

மாமா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தாளை நான் செய்தேன் என்று அவருக்கு முன்பே தெரியும். என் ஆஸ்பத்திரியில் கொடுத்ததைப் பார்த்துத் தமிழில் எழுதினேன், பிசகியது அக்காவின் புத்தி என்றுதான் அவர் நினைத்திருந்தார். "படிச்சவ பாத்துப் பாத்துப் போட்ட காயிதத்தை இவ இப்பிடிப் பண்ணீட்டாளே" என்று வராந்தாவில் யாரிடமோ சொல்லி வருத்தப்பட்டார். எனக்குக் காதை மூடிக்கொள்ளத் தோன்றியது. குரல்செய்தியைப் பற்றி அவருக்குத் தெரியாது.

5

ஏழாம் நாள் அணுக்களின் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. அக்கா இளநீர் விழுங்கினாள். கிட்டே போகலாம் என்றார்கள். மாமா சாப்பிடக் கீழே போயிருந்தார். நான் அவள் காலடியில் உட்கார்ந்து, உன் கேள்வியை நான் முழுசாகக் கேட்கவே இல்லை அக்கா, பஸ் வந்துவிட்டது என்று சொன்னேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அவள் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அம்மணி. நீ அத்தனை சுருக்கா பதிலு சொன்னப்பவே, முச்சூடும் கேக்கலையோன்னு நெனச்சேன். மறுக்காக் கேட்டா உனக்குத் தொந்தரவுன்னு உட்டுட்டேன்."

இதை எழுதும்போதுகூட அந்தச் சொல்லைத் தாண்டி வர முடியவில்லை. தொந்தரவு. பதினோரு வருடத்தில் என் சொந்த அக்காவுக்கு நான் அப்படி ஓர் ஆளாகிவிட்டேன், இரண்டாம் தடவை கேட்கத் தயங்க வேண்டிய ஆள்.

பிறகு அவள் என் கையை இழுத்துப் பார்த்தாள். விமானத்திலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலுமாகக் கணுக்கள் பழுத்தாற்போல இருந்தன. உன் படிவத்தில் நீ எத்தனை போடுகிறாய் என்று கேட்டாள். இரண்டு என்றேன். நடுவிரல் கணுவை மெதுவாக அழுத்தினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுல நாரு கட்ட முடியுமா?" என்றாள். முடியாது என்றேன். "அப்பறம் எங்கிருந்து வந்துச்சு ரெண்டு?" என்றாள்.

மாமாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும், குரல்செய்தி விஷயத்தை அவரிடம் சொல்லவே வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குக் கோபம் வராது, வந்தால் போகாது என்றாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு நாள் சொல்லாமல்தான் இருந்தேன். அவர் எனக்கு டீ வாங்கிவந்து கொடுப்பார். நான் வாங்கிக் குடிப்பேன். வருகிறவர்களிடமெல்லாம் அக்காவின் புத்தியைக் குறைசொல்வார். அவள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. அவரை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப்போய், இரண்டு செய்திகளையும் போட்டுக் காட்டினேன். அக்காவின் கேள்வி. என் பதில்.

மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

"அவ கேட்டிருக்கறா" என்றார். அறைக்குள் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையில் மிச்சமிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். அன்றைக்கு எனக்கு டீ வரவில்லை. நான் கிளம்பும்வரை என் முகத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

6

திரும்பி வந்த அன்று மித்ரா டேனிஷில் கேட்டாள், தப்பு என்னுடையதா என்று. அட்டவணையை அவள்தானே போட்டாள். இல்லை, உன் தப்பில்லை என்று அதே மொழியில் சொன்னேன். கடையில் யாரோ பாட்டிலைத் தவறவிட்டால் சொல்லும் தொனியில்தான் வந்தது. எனக்கு அந்த மொழியில் அதற்குமேல் ஆறுதல் தெரியாது, அவளுக்குத் தமிழில் அதற்குமேல் புரியாது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து, மாத்திரை, ஞாயிறு இந்த இரண்டு சொற்களையும் எப்படி எழுதுவது என்று அவளாகவே வந்து கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். அதற்கு மேலும் எழுத்துகள் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த படிவத்தில் ஏழு என்று போட்டேன். மறுநாளே தாதி கூப்பிட்டார். ஊசி போட்டார்கள், மருந்தை மாற்றினார்கள், வேலை நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றார்கள். நான் இத்தனை நாள் பயந்த விஷயம் நடந்தது. நகராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் மேல் கடிதம், மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. தங்கும் அனுமதி விண்ணப்பம் தள்ளிப்போய்விட்டது. எப்போது முடியும் என்று தெரியாது. இதற்கிடையில் விரல்களில் இரண்டு இனி நேராகாது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சரியான எண்ணை முன்பே போட்டிருந்தால் நேராக இருந்திருக்குமா என்று கேட்டேன். டாக்டர் மழுப்பாமல், இருந்திருக்கலாம் என்றார்.

அக்கா வீடு திரும்பினாள். முடி வளர்ந்துவிட்டது. இரண்டு மாதம் மருந்தே இல்லாமல் வைத்திருந்ததில் மூட்டுகள் பழையபடி வீங்கி, கொடிக்காலுக்கு ஆள் வைக்க வேண்டியதாயிற்று. இப்போது வேறு மாத்திரை. வாரம் ஒரு முறை வீடியோவில் பேசுகிறோம். அவள் கையை அவள் காட்டுவாள், என் கையை நான் காட்டுவேன். நான் எதையும் எழுதித் தருவதில்லை. மாமா அந்தச் சமயத்தில் கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். பத்து மாதம் அப்படித்தான்.

போன சனிக்கிழமை மத்தியானம் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு. அக்காவுக்கு என்னவோ என்று எடுத்தேன்.

"உங்கக்கா கோயிலுக்குப் போயிருக்கறா" என்றார் முதலில். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு மொழங்காலு வலி அம்மணி. நாமக்கல்லுல காட்டுனேன். மாத்தரை எழுதிக் குடுத்திருக்கறாங்க. சீட்டு இங்கிலீசுல இருக்குது. போட்டோ அனுப்பறேன், படிச்சுச் சொல்றியா?"

கடைக்காரரிடமே கேளுங்கள் மாமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அதற்குள் அனுப்பிவிட்டார்.

இரண்டு வரிதான் இருந்தது. நான்கு தடவை படித்தேன். டாக்டரின் கிறுக்கலில் ஓர் எண் ஒன்றா ஏழா என்று சந்தேகமாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுதான். என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஒன்று என்றார். பிறகு மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஐந்து நாளைக்கு மட்டும், வயிறு எரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வாங்கும்போது கடைக்காரரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

"இரு" என்றார். நான் சொன்னதை ஒவ்வொன்றாக அவர் திருப்பிச் சொன்னார். நான் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டேன்.

"செரியா அம்மணி?" என்றார்.

"சரிங்க மாமா" என்றேன். அவர் இணைப்பை உடனே துண்டிக்கவில்லை. அங்கே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.